பத்தாயிரம் ஸ்டெப் நடந்த அக்காவால தரையில இருந்து எந்திரிக்க முடியல: ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, பிள்ளைங்க முன்னாடி மானம் போவுது." 2024 ஜூலைல ஒரு சாயங்காலம் அக்கா என் எதிர்ல வந்து உக்காந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதான். அக்கா இங்க சிங்கப்பூர்ல ஒரு சைல்ட்கேர்ல தமிழ் டீச்சர். கே1 (கிண்டர்கார்டன் முதல் வருஷம்) பிள்ளைங்களுக்குப் பாயில உக்காந்து கதை சொல்லணும், கதை முடிஞ்சதும் பிள்ளைங்கல்லாம் துள்ளி எந்திரிச்சு ஓடிடுதுங்க, இவங்க மட்டும் முட்டி போட்டு ரெண்டு மூணு தப்படி தவழ்ந்து போயி புத்தக ஷெல்ஃபைப் புடிச்சுத்தான் எந்திரிக்கணும். அன்னிக்கு ஒரு பொடியன் கையை நீட்டி "நான் தூக்கி விடறேன் டீச்சர்"னு சொல்லிருக்கான், அதைச் சொல்றப்ப அக்கா சிரிச்சாங்க, ஆனா கண்ணு கலங்கிருச்சு.

இதுல என்ன கூத்துன்னா அப்ப அக்கா எடை 74 கிலோ. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி, எடை குறைக்கற வயித்து ஆபரேஷனுக்கு முன்னாடி, 98. 24 கிலோவை இறக்கி வச்சவங்களுக்கு எந்திரிக்கறது லேசாத்தானே ஆயிருக்கணும்? தினமும் பத்தாயிரம் ஸ்டெப் வேற நடக்கறாங்க, ஹெல்தி 365ன்னு ஸ்டெப் எண்ணற ஆப்ல பாயிண்ட் சேத்து வவுச்சர் மாத்தி மளிகை வாங்கறாங்க, பாக்கறவங்கல்லாம் "ஆளே மாறிட்டீங்களே"ன்னு சொல்றாங்க. நானும் சொன்னேன். அதான் தப்பு, அந்தத் தப்பையும் சேத்துத்தான் இங்க எழுதறேன்.

நான் பிசியோதெரப்பிஸ்ட், இந்த வேலைல 11 வருஷம். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரு வேணாம், ப்ளாக் நம்பர் வேணாம், மத்தபடி எல்லாத்தையும் எழுதுன்னு சொல்லிட்டாங்க.

அக்காவுக்கு 48 வயசு, உயரம் 156 செ.மீ. ஆபரேஷனுக்கு முன்னாடி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்கற கணக்கு) 40 தாண்டிருச்சு. நம்ம ஆசிய உடம்புக்கு 27.5க்கு மேல போனாலே ஆபத்து அதிகம்னு இங்க கணக்கு வச்சிருக்காங்க, அப்ப 40ன்னா பாத்துக்கங்க. ஒன்பது வருஷமா சுகர், பிரஷர், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதுக்கு ராத்திரி மெஷின், வலது முட்டி தேய்மானம். 2024 பிப்ரவரில ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது வயித்துல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு வாழைப்பழம் சைஸ்ல ஒரு குழாய் மாதிரி விட்டுடறது, எல்லாம் சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமரா வச்சுத்தான். ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி என்கிட்ட ஒரு தடவை வந்தாங்க, அப்ப எடுத்த அளவு: 6 நிமிஷத்துல 365 மீட்டர் நடந்தாங்க, கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியில இருந்து 5 தடவை எந்திரிச்சு உக்கார 14.8 செகண்ட், வலது கைப்பிடி (கை எவ்ளோ பலமா இறுக்கிப் புடிக்குதுன்னு அளக்கறது) 21 கிலோ. இந்த மூணு எண்ணையும் ஞாபகம் வச்சுக்கங்க.

முதல் ரெண்டு வாரம் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. காரிடார்ல நடக்கணும், அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. கால்ல ரத்தம் கட்டாம இருக்கறதுக்கும் நுரையீரல் நல்லா விரியறதுக்கும்தான் இது, எடைக்கு இல்ல. அக்கா வீட்டுக் காரிடார்ல இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 9 வீடு, ஒன்பதாவது வீட்டு மகச்சி (மலாய் ஆன்ட்டி) கதவைத் தொட்டுட்டுத் திரும்புவாங்களாம். அஞ்சு கிலோ அரிசிப் பை அளவுக்கு எதையும் தூக்கக் கூடாதுன்னு ஒரு ஆறு வாரத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தாங்க (உங்க சர்ஜன் வேற கணக்கு சொன்னா அவர் சொல்றதைக் கேளுங்க).

அரிசிப் பையை அக்கா தொடல. ஆனா பத்தாவது நாள் மூங்கில் கம்பைத் தூக்கிட்டாங்க! எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், ஈரத் துணியை ஒரு கம்பு முழுக்க மாட்டி, கிச்சன் ஜன்னல் வழியா வெளிய நீட்டி, அந்தக் குழாய் ஓட்டையில சொருகணும். கம்பும் ஈரத் துணியும் சேத்து எவ்ளோ வெயிட்டுன்னு யாரும் நிறுத்துப் பாக்கறதில்ல, அதுவும் பாரம் பூராவும் உடம்பை விட்டு எட்டத்துல தொங்குது, அத்தனையும் வயித்துத் தசைதான் தாங்கணும். "துணி காயப் போடறதெல்லாம் ஒரு வெயிட்டா தம்பி"ன்னு கேட்டாங்க. வலது பக்க ஓட்டைக்கிட்ட ரெண்டு நாள் சுருக் சுருக்குன்னு வலி, நல்ல வேளையா அதோட போச்சு. அப்பலருந்து நான் எல்லார்கிட்டயும் "வெயிட் தூக்காதீங்க"ன்னு சொல்றதை நிறுத்திட்டேன், கம்பு, தண்ணி வாளி, பேரப்பிள்ளை, மாவு சட்டின்னு பேரு சொல்லித்தான் கேக்கறேன். வெயிட்னா ஜிம்ல இருக்கறதுன்னு நம்மாளுங்க மனசுல பதிஞ்சு போச்சு.

ஆறாவது வாரம் 88 கிலோ. நடை அரை மணி நேரம் வந்திருச்சு. சரி, இனிமே தசைக்கு வேலை கொடுக்கலாம்னு ஒரு ரப்பர் பேண்ட், நாற்காலியில எந்திரிச்சு உக்கார்றது, சுவத்துல கை வச்சுப் புஷ் அப், இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளுக்கு என்ன ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

எட்டாவது வாரம், ஏப்ரல் கடைசி, வெயில் தெரியும்ல. பள்ளி முடிஞ்சு சாயங்காலம் பார்க் கனெக்டர்ல (பூங்காக்களை இணைக்கற நடைபாதை) நடந்துக்கிட்டு இருக்கறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்து, பக்கத்துல இருந்த பெஞ்சில சாஞ்சுட்டாங்க. ஓடிக்கிட்டு இருந்த ஒரு சீனப் பையன் நின்னு தண்ணி வாங்கிக் கொடுத்து, மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, போன் போட்டுக் கொடுத்திருக்கான். மாமா என்ன முடிவு பண்ணாருன்னா, சாப்பாடு பத்தல, நடை ஜாஸ்தி, இனிமே நடக்கவே வேணாம். அக்காவோட அம்மாவும் அதே. ஒரு வாரம் வீட்டுச் சிறை.

மறுவாரம் என்கிட்ட வந்தப்ப படுக்க வச்சுப் பிரஷர் பாத்தேன், 118க்கு 74. எந்திரிச்சு நிக்க வச்சு ஒரு நிமிஷம் கழிச்சுப் பாத்தா 92க்கு 60, "தம்பி சுத்துது"ன்னாங்க, உடனே உக்கார வச்சுட்டேன். நின்னதும் மேல் எண் 20 இறங்கினாலே அது விஷயம்தான், இது 26. என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டுப் பையைக் கொட்டிப் பாத்தா, 98 கிலோவுல இருந்தப்ப எழுதின அதே ரெண்டு பிரஷர் மாத்திரை, அதுல ஒண்ணு உப்பையும் தண்ணியையும் சிறுநீர்ல இறக்கற வகை. சுகர் மாத்திரையை மட்டும் டிஸ்சார்ஜ் பண்றப்பவே குறைச்சிருந்தாங்க. பிரஷர் மாத்திரை வேற க்ளினிக்ல இருந்து மூணு மாசத்துக்கு மொத்தமா வாங்கி வச்சது, அதை யாரும் திரும்பிப் பாக்கல. எடை பத்து கிலோ இறங்கினா பிரஷரும் கூடவே இறங்கும், வயிறு சின்னதானதால குடிக்கறதே ஒரு லிட்டருக்கும் கீழ, மேல மாத்திரை வேற தண்ணியை வெளிய தள்ளுது, வெளிய ஏப்ரல் வெயில். இதுல கண்ணு இருட்டாம என்ன பண்ணும்?

எங்க மேல கோவம் வரலாம் உங்களுக்கு, வரணும். நாலாவது வாரமே அக்கா வந்திருந்தாங்க, நான் உக்கார வச்சுத்தான் பிரஷர் பாத்தேன், நல்லா இருக்குன்னு எழுதிட்டு விட்டுட்டேன். நிக்க வச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப இந்த ஆபரேஷன் பண்ணின யாரு வந்தாலும் முதல்ல படுக்க வச்சு, அப்புறம் நிக்க வச்சுத்தான் உடற்பயிற்சிப் பேச்சே.

அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பினோம், அந்தத் தண்ணி இறக்கற மாத்திரையை நிறுத்தினாரு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணைப் பாதியாக்கினாரு. தண்ணிக்கு ஒரு வழி பண்ணோம், 500 மில்லி பாட்டில் மூணு, காலைல ஒண்ணு, பள்ளியில ஒண்ணு, வீட்டுக்கு வந்து ஒண்ணு, மடக் மடக்குன்னு இல்ல, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சணும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணி கிடையாது. நடையைச் சாயங்காலத்துல இருந்து காலைல ஆறரைக்கு மாத்தினோம். தலை சுத்தல் போச்சு, அக்கா பழையபடி நடக்க ஆரம்பிச்சாங்க, நான் சந்தோஷத்துல "சூப்பர் அக்கா, வாரம் ஆயிரம் ஆயிரமா ஏத்துங்க"ன்னுட்டேன். ஏத்தினாங்க. ஜூன்ல பத்தாயிரம்.

இப்ப ஜூலைக்கு வாங்க, அந்த மானம் போன நாளுக்கு. திரும்ப அளந்தேன். 6 நிமிஷ நடை 448 மீட்டர், அருமை. நாற்காலி டெஸ்ட் 15.6 செகண்ட். கைப்பிடி 17 கிலோ. ரெண்டு தடவை பாத்தேன், எண் மாறல. 24 கிலோ கம்மியான உடம்பைத் தூக்கி நிறுத்த முன்ன விட நேரம் ஜாஸ்தி ஆகுது. ஆசிய நாடுகளுக்குன்னு 2019ல தசை இழப்புக்கு ஒரு அளவுகோல் வச்சாங்க, பொம்பளைங்களுக்குக் கைப்பிடி 18க்குக் கீழ போனாலோ, நாற்காலி டெஸ்ட் 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனாலோ கவனிக்கணும்னு. அக்கா ரெண்டுலயும் மாட்டிக்கிட்டாங்க, 48 வயசுல.

காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் எடை தானா இறங்கும், முதல் ஆறு மாசம் நீங்க நடந்தாலும் இறங்கும் நடக்காட்டியும் இறங்கும், ஏன்னா சாப்பாடு அவ்ளோதான் உள்ள போகுது. ஆனா இறங்கற பத்து கிலோவும் கொழுப்பு இல்ல, அதுல ரெண்டு மூணு கிலோ வரைக்கும் தசை மாதிரி கொழுப்பில்லாத பகுதியா இருக்கும். உடம்புக்குக் காசு தட்டுப்பாடு வந்தா எந்த நகையை முதல்ல அடகு வைக்கும்? போடாத நகையைத்தான். நடைக்கு வேண்டிய தசையை அக்கா உடம்பு விட்டு வச்சுது, ஏன்னா தினமும் கேட்டாங்க. தொடையை மடக்கி எந்திரிக்கற தசை, இழுக்கற தசை, புடிக்கற தசை, இதையெல்லாம் யாரும் கேக்கல, அடகுக்குப் போயிருச்சு. ஊசி போட்டு எடை குறைக்கறவங்களுக்கும் இதே கதைதான், அதையும் இப்ப அடிக்கடி பாக்கறேன்.

"அப்ப நான் கொடுத்த பேண்ட்?"னு கேட்டேன். டிவி மேசை டிராயர்ல இருக்காம், தாளும் கூடவே. "அது உடம்பு ஏத்தற ஆம்பளைங்களுக்குன்னு நெனச்சேன்பா, எனக்குத்தான் எடை நல்லா இறங்குதே." சரியாத்தான் நெனச்சிருக்காங்க! எல்லாரும் எடையைத்தான் கேக்கறோம், எடையைத்தான் பாராட்டறோம், எடை இறங்கறப்ப எதுக்கு பேண்டை இழுக்கணும்?

டயட்டிஷியன் உக்காந்து மூணு நாள் சாப்பாட்டைக் கணக்கு போட்டுப் பாத்தா புரதம் ஒரு நாளைக்கு 40 கிராம் சுத்துவட்டாரம். குறைஞ்சது 60 வேணும். கணக்கு ஏன் உதைக்குதுன்னா, காலைல ஒன்றரை இட்லி (ஒரு இட்லியில ரெண்டு கிராம்தான்), மதியம் நாலு வாய் ரசஞ்சோறு, அதுலயே வயிறு நிறைஞ்சிருது, மீனும் கோழியும் தட்டுல அப்படியே கிடக்கு. செவ்வாய் வெள்ளி மரக்கறி வேற. மாத்தினது ரொம்ப சிம்பிள், புரதத்தை முதல்ல சாப்பிடறது, சோறு இடம் இருந்தா. மரக்கறி நாள்ல தெம்பே (சோயாவைப் புளிக்க வச்சுப் பண்ற கட்டி), தாவ்குவா (கெட்டி டோஃபு), பனீர், சீனி போடாத சோயா பால். தெம்பே நூறு கிராம்ல 19, 20 கிராம் புரதம் வருது, ஈரச்சந்தைல சல்லிசா கிடைக்குது, அதைப் பொடிசா நறுக்கி மிளகு சீரகம் போட்டுப் பொரியல் மாதிரி பண்ணிடறாங்க. எங்க அம்மாவும் இப்ப பண்றாங்க, நல்லாத்தான் இருக்கு.

முடி கொட்டுதுன்னு நாலாவது மாசத்துல ஒரு புலம்பல், வேர்வைல கொட்டுதுன்னு காலை நடையையே விடப் பாத்தாங்க. வேர்வை இல்ல, ஆபரேஷன் அதிர்ச்சியும் வேகமா எடை இறங்கறதும், மூணுல இருந்து ஆறு மாசத்துல நிறைய பேருக்கு வரும், திரும்பி முளைக்கும், புரதமும் இரும்புச் சத்தும் ஒழுங்கா இருக்கணும். அதைவிட நிஜமா நடையைக் கெடுத்தது தொடை உரசல். எடை இறங்கினா தோல் தொங்குது, அடிவயித்து மடிப்புலயும் உள்தொடையிலயும் வேர்வை கட்டிப் புண்ணாகுது, இதை வெக்கப்பட்டுச் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும். முட்டிக்கு மேல வர்ற சைக்கிள் ஷார்ட்ஸ் பாவாடைக்கு உள்ள, நடந்து வந்ததும் கழுவித் துடைச்சு நல்லா காய விடறது, ரெண்டு வாரத்துல சரியாச்சு.

சரி, தசைக்கு வருவோம். ஜிம்முக்குப் போங்கன்னு சொல்லிப் பாத்தேன், பக்கத்துலயே ஆக்டிவ்எஸ்ஜி (அரசாங்க) ஜிம் இருக்கு. ஒரு தடவை போனாங்க. கண்ணாடி நிறைய, பையனுங்க நிறைய, எந்த மெஷின்ல எந்தப் பக்கம் உக்காரணும்னே தெரியல, ஒருத்தன் பின்னாடி நின்னு "ஆன்ட்டி, முடிஞ்சதா"ன்னு கேட்டான், வந்துட்டாங்க. நான் வற்புறுத்தல. வாரத்துல ரெண்டு நாள் தசைப் பயிற்சி வேணும், அது எங்க நடக்குதுங்கறது முக்கியமில்ல.

அக்கா வீட்டுக்குக் கீழ வாய்ட் டெக்ல (ப்ளாக்குக்கு அடியில சும்மா விட்டிருக்கற திறந்த தளம்) கல் மேசையும் அதைச் சுத்திக் கல் ஸ்டூலும் இருக்கு, தாத்தாங்க செஸ் ஆடற இடம். அங்கருந்து நாலு எட்டுல ஃபிட்னஸ் கார்னர். திங்கள், வியாழன் சாயங்காலம் ஏழே காலுக்கு மாமா கீழ குப்பை போட வருவாரு, அதோட சேத்துக் கட்டிட்டோம்: மாமா குப்பைப் பை எடுத்தா அக்கா செருப்பு மாட்டணும். நேரம் வச்சா மறக்கும், அலாரம் வச்சா அணைப்பாங்க, குப்பை மட்டும் தவறாம வரும்.

நான் ஒரு நாள் கூடவே போயி பண்ணிக் காட்டினேன். கல் ஸ்டூல்ல உக்காந்து எந்திரிக்கறது முதல்ல. கால் தோள் அகலம், மூக்கு கால் விரலுக்கு மேல வர்ற வரைக்கும் முன்னாடி சாஞ்சு, அப்புறம்தான் தூக்கணும், அக்கா நிமிந்தபடியே எந்திரிக்கப் பாத்தாங்க, அதான் முட்டி மேல அத்தனை பாரம். எட்டு தடவை, மூச்சு வாங்கினாங்க. உக்கார்றதை மூணு எண்ணி மெதுவா உக்காரச் சொன்னேன், தொப்புன்னு விழக் கூடாது, தசைக்கு நிறைய வேலை அதுலதான். அடுத்து ஃபிட்னஸ் கார்னர் கம்பத்துல டிராயர்ல தூங்கின பேண்டைச் சுத்தி, முழங்கையைப் பின்னாடி இழுக்கறது. வாய்ட் டெக் தூண்ல கை ஊனி புஷ் அப். படிக்கட்டு முதல் படியில ஏறி இறங்கறது, இடது கால் பத்து, வலது கால் பத்து. கடைசில சூப்பர்மார்க்கெட் பை ரெண்டுல 1.5 லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு ஒண்ணு போட்டு, ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு லிஃப்ட் லாபி வரைக்கும் போயி வர்றது. எல்லாம் ரெண்டு செட், போகப் போக மூணு. கடைசி ரெண்டு தடவை "ஐயோ"ன்னு வரணும், வரலைன்னா வெயிட் பத்தல. பன்னெண்டு சுளுவா வந்திருச்சுன்னா பாட்டில் கூட்டணும். முட்டி வலி பத்துக்கு மூணு வரைக்கும் இருந்தா பரவால்ல, மறுநாள் காலைல பழையபடி ஆயிடணும், அதைத் தாண்டினா ஒரு படி கீழ இறங்கணும். வலிக்குன்னு கடையில கிடைக்கற வீக்க மாத்திரையெல்லாம் கேக்காம போட்டுக்கக் கூடாதுன்னு அவங்க சர்ஜன் சொல்லி வச்சிருந்தாரு, வயித்துல புண்ணு வரும்.

தரையில இருந்து எந்திரிக்கறதை மட்டும் தனியா வீட்ல பழகினாங்க. தலையணை போட்டு ஒரு முட்டி கீழ, இன்னொரு பாதம் முன்னாடி, ரெண்டு கையும் முன் தொடை மேல, பின் கால் விரலை மடக்கித் தரையில ஊனி அழுத்தி எழும்பணும். முதல்ல சோஃபாவைப் புடிச்சு, அப்புறம் மாமா கை, அப்புறம் ஒண்ணும் இல்லாம. அந்தக் கடைசி "ஒண்ணும் இல்லாம"வுக்கு ஏழு வாரம் ஆச்சு.

அக்டோபர்ல எல்லாம் குழம்புச்சு. புரட்டாசி மரக்கறி, பின்னாடியே தீபாவளி, அந்த வருஷம் அக்டோபர் 31. மூணு வாரம் வாய்ட் டெக் பக்கமே வரல. ஆனா முறுக்கு புழிஞ்சாங்க, நாலு கிலோ மாவு, போன வருஷம் மகள்தான் அச்சை அமுக்கினாளாம், இந்த வருஷம் அக்காவே. நவம்பர்ல கைப்பிடி பாத்தேன், 19. முறுக்குக்கு எவ்ளோ பங்கு, பாட்டிலுக்கு எவ்ளோ பங்குன்னு எனக்குத் தெரியாது லா. அதிரசம் ரெண்டு சாப்பிட்டு அரை மணி நேரத்துல படபடப்பு, வேர்வை, படுத்துட்டாங்க, சீனி வேகமா குடல்ல இறங்கினா அப்படித்தான் ஆகும், அந்தப் பாடத்தை நான் சொல்ல வேண்டியிருக்கல.

டிசம்பர்ல எடை 70ல நின்னுருச்சு. பயந்து போயி பதினஞ்சாயிரம் ஸ்டெப் போகட்டுமான்னு மெசேஜ். வேணாம்னேன். யாரோ ஒரு கடையில உடம்பு அளக்கற மெஷின்ல ஏறி தசை ரெண்டு கிலோ கம்மின்னு வேற சொல்லிட்டாங்களாம். அந்த மெஷின் உடம்புல மின்சாரம் விட்டுத் தண்ணியை வச்சுக் கணக்கு போடறது, தண்ணி குடிச்சா ஒண்ணு சொல்லும், வேர்த்தா ஒண்ணு சொல்லும். கல் ஸ்டூல் பொய் சொல்லாது.

அப்பத்தான் அக்கா மெதுவா விஷயத்துக்கு வந்தாங்க. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறதா ஆபரேஷனுக்கு முன்னாடியே வேண்டிக்கிட்டாங்களாம். 2025ல தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் சுமார் 3 கிலோமீட்டர், வெறுங்கால்ல, தலையில குடம், விரதத்தோட. முதல் நாள் நள்ளிரவுக்கு முன்னயே பால்குடம் கிளம்ப ஆரம்பிச்சிடும். "முடியுமா தம்பி"ன்னு கேக்கல. "எப்படிப் பழகணும்"னு கேட்டாங்க.

ஒன்பது வருஷம் சுகர் இருந்த காலு, அதனால முதல்ல பாதத்துல நைலான் இழையை வச்சுக் குத்திப் பாத்தேன், கண்ணை மூடிக்கிட்டு எல்லா இடத்துலயும் "தெரியுது"ன்னு சரியா சொன்னாங்க. ஒரு இடம் மரத்திருந்தாலும் வெறுங்காலுக்கு நான் தலையாட்டியிருக்க மாட்டேன். டிசம்பர் நடுவுல இருந்து வாய்ட் டெக் தரையில பத்து நிமிஷம், அப்புறம் காரிடார், ஜனவரில நடைபாதை, தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வச்சுப் பாக்கணும். வீட்டு எவர்சில்வர் குடத்துல ஒரு லிட்டர் தண்ணில ஆரம்பிச்சு மூணு லிட்டர் வரைக்கும் தலையில வச்சு, ஒரு கை மாத்தி ஒரு கை. விரதம்தான் பெரிய பேச்சுவார்த்தை. மரக்கறி, தெம்பே எல்லாம் சரி, தண்ணி குடிக்காம மட்டும் நடக்க முடியாதுன்னு நான் நின்னேன். கடைசில தீர்ப்பு சொன்னது அக்காவோட அம்மா: "கோயில் வாசல்ல நீ மயங்கி விழுந்தா உன்னைத் தூக்கறவன் வேண்டுதல் என்னாகறது, தண்ணியைக் குடி."

நான் பயந்தது நடைக்கு இல்ல, வரிசைக்கு. நடக்கறப்ப கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேல தள்ளிக்கிட்டே இருக்கும், அசையாம நின்னாத்தான் ரத்தம் கால்ல தேங்கி பிரஷர் இறங்கும், ஏப்ரல்ல நடந்தது தெரியும்ல. அதனால வரிசைல நிக்கறப்ப குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும், தொடையை இறுக்கி விடணும்னு சொல்லிப் பழக்கினேன், பத்து தூக்கறது, கொஞ்சம் விடறது, திரும்பப் பத்து.

ராத்திரி ரெண்டே முக்காலுக்கு டேங்க் ரோட்ல இருந்து மாமா போன்ல மெசேஜ் வந்துச்சு, முடிஞ்சிருச்சுன்னு. நான் காலைலதான் பாத்தேன். வரிசைல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னாங்களாம், தலையில குடத்தோட குதிகாலைத் தூக்கி இறக்கிக்கிட்டு, பின்னாடி நின்ன பொண்ணு "ஆன்ட்டி, இது என்ன வேண்டுதல்"னு கேட்டுட்டு அவளும் சேந்து பண்ணிருக்கா.

கூடவே ஒரு போட்டோ, இடது குதிகால்ல அம்பது காசு அளவு கொப்புளம். உடைக்காதீங்க, மூடி வைங்க, சிவந்தாலோ சீழ் வச்சாலோ உடனே டாக்டர்கிட்ட போங்கன்னு எழுதினேன். வியாழக்கிழமை மாமா குப்பைப் பையை எடுத்தாரு, அக்கா கல் ஸ்டூல்ல உக்காந்தபடியே பேண்டை மட்டும் இழுத்துட்டு வந்தாங்களாம்.

மறுவாரம் ஒரு வருஷ அளவு. எடை 69. நாற்காலி 10.4 செகண்ட், கைப்பிடி 20.5, இன்னும் ஆபரேஷனுக்கு முந்தின 21 வரல. நடை டெஸ்ட்டை மட்டும் கொப்புளம் ஆறட்டும்னு தள்ளி வச்சு மார்ச் முதல் வாரத்துல எடுத்தோம், 510 மீட்டர். ரத்தப் பரிசோதனைல இரும்புச் சேமிப்பு கீழ இருக்குன்னு டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்காரு, அதைக் கால்சியம் மாத்திரையோட சேத்துப் போடக் கூடாது, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடணும். மே மாசம் திரும்பப் பாக்கணும்.